பை வைத்த சுடிதார்

சீட்டு எடுத்த பதினோராயிரம்
கைக்குட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருக்க
மின்ட் பஸ் நிலையத்துக்கு எதிரே
நவ்ஷாத் கடைக் கண்ணாடிமேல்
இரண்டு கேமராக்கள்.

ஒன்று பழசு. பத்து வருஷக் கல்யாணங்கள் பார்த்தது.
கைப்பிடி ரப்பர் உரிந்து, திரும்ப ஒட்டப்பட்டு,
ஒட்டியது தெரிய இருந்தது.
கழற்றி மாட்ட லென்ஸ் இரண்டு.
நீளமானதன் உள்ளே, ஓரமாக,
ஊறுகாய்ப் பாட்டிலில் பூப்பது போல் பூஞ்சை.
"படத்துல தெரியாதுக்கா.
வெயிலுக்கு எதுர்க்க புடிச்சாதான் தெரியும்."
வெயிலுக்கு எதிரே பிடிக்காமல்
நான் எதைப் பிடிப்பது?
எனக்கு வேலை விடிகாலை.
கடல் கிழக்கே.

மற்றது சோப்புப் பெட்டி அளவு.
பொத்தானை அழுத்தினால் மூக்கு நீளும்,
அணைத்தால் ஆமையாகிவிடும்.
"சட்டைப் பாக்கெட்ல போட்டுனு போய்னே இருக்கலாம்"
என்று தன் சட்டையில் போட்டுக் காட்டினான்.
போனது, அவனுக்கு.
நான் குனிந்து
என் சுடிதாரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
ஒரு நாளைக்கு இரண்டையும் கொடுத்தான்.

காசிமேட்டில் நான் ஐஸ் கணக்கு எழுதுகிறவள்.
எத்தனை பார், எந்தப் படகு, யார் பாக்கி.
பெரியதைத் தோளில் மாட்டி இறங்கிய காலையில்
ஏற்றிக் கட்டிய லுங்கிகள் எல்லாம் இறங்கின.
"எந்த சேனலுக்கா?"
நேற்று இதே வாய்
பத்து பார் ஐஸுக்கு என் பரம்பரையை இழுத்த வாய்.
இருதயமேரி கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள்.
வஞ்சிரத்தைப் பிள்ளைபோல் ஏந்தி நின்றாள்.
எடுத்து முடித்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய்
தார் அப்பிய வலையைக் காட்டினாள்.
"இத்தயும் எடு. நாலு பேருக்குத் தெரியட்டும்."
எடுத்தேன்.
அந்த நாலு பேர் யாரென்று
எனக்கும் தெரியாது, கேமராவுக்கும்.

மதியம் சின்னது.
யாரும் திரும்பவில்லை.
கணக்கு நோட்டுக்கும் கைக்கும் நடுவே அது ஒளிந்துகொண்டது.
காலிப் பெட்டிகளின்மேல் இருதயமேரி தூங்கினாள்,
வாய் திறந்து,
ஒரு கை சுருக்குப்பைக்குள்.
ஒரே ஒரு முறை அழுத்தினேன்.
சத்தமே இல்லை.

யாருக்கும் பாக்கி இல்லாத முகம்.
அன்று எடுத்த நூற்று நாற்பதில்
அது ஒன்றுதான் படம்.
ஆனால் சொல்லாமல் எடை போட்டதுபோல்
கை குறுகுறுத்தது.
சாயங்காலம் அவளிடம் காட்டினேன்.
"அய்ய! அழிச்சுடு."
நாலு எட்டு போனாள்.
"அழிச்சிட்டியா?"
இன்னும் இரண்டு எட்டு.
"இரு. இன்னொரு வாட்டி காட்டு."

ராத்திரி தூக்கம் வரவில்லை.
பெரியது பத்தாயிரம், சின்னது எட்டு.
எட்டு எடுத்தால் மூவாயிரம் மிஞ்சும்,
கேஸ், அக்கா பையன் பரீட்சைப் பணம்.
இப்படி யோசித்தால் எதையும் வாங்க முடியாது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில்
டோல்கேட் தையல்காரரிடம் இறங்கினேன்.
நாலு சுடிதாருக்கும் பை.
"லேடீஸ் ட்ரெஸ்சுல பை வெச்சா தொங்கும்மா."
தொங்கட்டும்.
ஆழமா வையுங்க. முப்பது, முப்பது, நூற்றிருபது.

நவ்ஷாத் அந்தப் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டு
சின்னதற்கு டப்பா தேடப் போனான்.
"அது இல்ல" என்றேன்.
பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்து
பழையதை வாங்கினேன், பூஞ்சையோடு சேர்த்து.
சின்னதன் வயிற்றைத் திறந்து
அட்டையை மட்டும் உருவிக்கொண்டேன்.
அதற்குத் தனியாக இருநூற்றைம்பது.
கறாரான ஆள்.

அது இப்போது பையில் கிடக்கிறது,
பேனா மூடிக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே.

இன்று விடிகாலையும் கேட்டாள்.
"அழிச்சிட்டியாடீ?"
அவள் முதுகுக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
கண்ணை வைத்தேன்.
கொண்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்ந்தது.
நிமிர்ந்து நில்லு, என்றேன்.